மழைப் பூட்ஸில் வீகன் முத்திரை: ரப்பரா, பி.வி.சி.யா, வேறு எதுவுமா?

லண்டனிலும் டொரொண்டோவிலும் இருக்கும் சொந்தக்காரர்கள் மழை தொடங்கும் சமயத்தில் என்னிடம் கேட்கும் கேள்வி இது: "வீகன் ரப்பர் பூட்ஸ் என்று போட்டிருக்கிறான், நம்பி வாங்கலாமா? பக்கத்திலேயே பி.வி.சி. பிளாஸ்டிக் பூட்ஸ் கால் விலைக்குக் கிடக்கிறதே?" நான் குமரி மாவட்டத்துக்காரன், குலசேகரம் பக்கம், ரப்பர் மரங்களுக்கு நடுவே வளர்ந்தவன் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிறார்கள். பூட்ஸைப் பற்றி அவ்வளவு தெரியாது, ஆனால் ரப்பரைப் பற்றிக் கொஞ்சம் தெரியும், மீதியை அக்கறையோடு படித்தேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடிக்கடி போடுவீர்கள் என்றால் இயற்கை ரப்பர். வருஷத்தில் நாலைந்து நாள்தான் என்றால் யாராவது போட்டு முடித்த பழைய ஜோடி, அது எந்தப் பொருளாக இருந்தாலும் பரவாயில்லை. விலங்குப் பொருள் எதுவும் இல்லை என்று சொல்லும் வீகன் முத்திரையை மட்டும் வைத்து முடிவு எடுக்காதீர்கள். அதில் பொய் கிடையாது, ஆனால் அது பதில் சொல்லும் கேள்வி ரொம்பச் சின்னது.

மரத்தின் பாலில் செய்த பொருளுக்கு எதற்கு வீகன் முத்திரை என்று முதலில் நானும் நினைத்தேன். ஆனால் பூட்ஸில் ரப்பர் மட்டும் இல்லை. உள்ளே கம்பளித் துணியோ ஆட்டுத் தோலோ இருக்கலாம், வார்ப்பட்டை தோலாக இருக்கலாம், ஒட்டும் பசையில் விலங்குப் பொருள் இருக்கலாம். இவை கண்ணுக்குத் தெரிகிற, அல்லது கேட்டால் சொல்லிவிடக்கூடிய சமாசாரங்கள். தெரியாதது ரப்பருக்குள்ளேயே இருக்கிறது. ரப்பரைச் சூடாக்கி உறுதியாக்கும் வல்கனைஸ் வேலையில் கந்தகத்தோடு துத்தநாக ஆக்சைடும் ஸ்டியரிக் அமிலமும் சேர்ப்பார்கள். இந்த ஸ்டியரிக் அமிலம் மாட்டுக் கொழுப்பிலிருந்தும் வரும், பாமாயிலிலிருந்தும் வரும், இரண்டும் வேதியியல்படி ஒன்றுதான், பூட்ஸைப் பார்த்து எதிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. மாட்டை விட்டால் பாமாயில், அந்தப் பாமாயில் சுமத்ராவிலோ போர்னியோவிலோ காட்டை வெட்டி நட்ட தோட்டத்திலிருந்து வந்தது என்றால் ஒராங்குட்டான் போய்விட்டது. வீகன் முத்திரை முதல் பாதியைப் பார்க்கும், இரண்டாவது பாதி அதன் வேலையில்லை. பி.வி.சி. என்றால் இந்தத் தொல்லை இல்லை என்றும் நினைக்காதீர்கள், அதிலும் கால்சியம் ஸ்டியரேட், துத்தநாக ஸ்டியரேட் என்று இதே வகையறா போகும். "முழுக்க பிளாஸ்டிக், அதனால் வீகன்தான்" என்று கடைக்காரர் சொன்னால் அவருக்குத் தெரியாது என்று அர்த்தம்.

சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம். தோலை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் மழைக்கு அது சரிப்படாது, வீகனும் இல்லை. ஆனால் "தோல்தான் இயற்கையானது, நீண்ட நாள் உழைக்கும், பிளாஸ்டிக்கை விட மேல்" என்று வாதாடுகிறவர்கள் நம்மூரிலேயே உண்டு. அவர்கள் பாலாற்றங்கரைக்குப் போய்ப் பார்த்தால் போதும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் பதனிடும் ஆலைகளின் கழிவைப் பற்றித்தான் உச்ச நீதிமன்றம் 1996-ல், மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று தீர்ப்புச் சொன்னது. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவு சேர்த்து வைத்திருந்த தொட்டி உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். மாட்டை மறந்துவிட்டுப் பார்த்தாலும் தோலின் கணக்கு சுத்தமாக இல்லை.

பி.யு. என்கிற பாலியூரித்தேன், அதாவது "வீகன் லெதர்" என்ற பெயரில் வருகிற பளபள பூட்ஸ், அதையும் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். அலமாரியில் ரெண்டு வருஷம் சும்மா கிடந்த ஷூவை எடுத்துப் போட்டு நடந்தால் அடிப்பாகம் பிஸ்கட் மாதிரி உதிருமே, அது பெரும்பாலும் பி.யு.தான். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அந்தப் பொருளின் சங்கிலி அறுந்துபோகும். எல்லா பி.யு.வும் அப்படியில்லை, பால்பண்ணைகளிலும் மீன் பதப்படுத்தும் இடங்களிலும் போடுகிற கனமான பி.யு. பூட்ஸ் நன்றாகவே உழைக்கும். ஆனால் மேலே மெல்லிய பூச்சாகப் பூசிய ஃபேஷன் சரக்கு மழைக்கு என்று விற்கப்படுவது வேடிக்கை. வாங்காதீர்கள்.

இ.வி.ஏ. என்கிற நுரை பிளாஸ்டிக்கில் செய்த பூட்ஸ் காற்றைப் போல எடையில்லாமல் இருக்கும், குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் அது பெரிய வசதி. ஒரே அச்சில் வார்ப்பதால் ஒட்டு, தையல் எதுவும் கிடையாது, பசைப் பிரச்சினையும் இல்லை. பெட்ரோலியப் பொருள்தான், ஆனால் பி.வி.சி.யில் இருக்கும் குளோரின் இதில் இல்லை. குறை என்னவென்றால் நுரைப் பொருள் அமுங்கிக்கொண்டே போகும், கிழிந்தால் தைப்பதும் ஒட்டுவதும் கஷ்டம். இன்னொன்று நியோப்ரீன், குளிர்நாட்டு பூட்ஸ்களில் கணுக்காலுக்கு மேலே மெத்தென்று இருக்கும் பாகம். அதற்கும் வீகன் முத்திரை கிடைக்கும். அமெரிக்காவின் லூசியானாவில் லாப்ளாஸ் என்ற ஊரில் நியோப்ரீனுக்கான குளோரோப்ரீன் தயாரித்த ஆலையைச் சுற்றி வாழ்ந்தவர்கள், பெரும்பாலும் கறுப்பின மக்கள், புற்றுநோய் அபாயத்தை எதிர்த்து வருஷக்கணக்காகப் போராடினார்கள். முத்திரையில் அதற்கு இடம் இல்லை.

இப்போது உண்மையான போட்டிக்கு வருவோம்: பி.வி.சி. எதிர் இயற்கை ரப்பர்.

பி.வி.சி.க்கு நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். நம்மூர் ஹார்டுவேர் கடையில் தொங்குகிற கறுப்பு கம்பூட்ஸ் பெரும்பாலும் அதுதான். சில நூறு ரூபாய். தூய்மைப் பணியாளர்கள், கட்டட வேலை செய்கிறவர்கள், மாட்டுப் பண்ணைக்காரர்கள், இவர்கள் காலில் இருப்பது அதுதான். வெள்ளத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும், கண்ணாடி விரியன் வரப்பில் கிடக்கும், காலில் ஏதோ ஒன்று இருப்பதுதான் முக்கியம், அந்த இடத்தில் நின்றுகொண்டு பிளாஸ்டிக்கின் தர்மத்தைப் பற்றிப் பேசுவது எனக்கு உவப்பில்லை. அப்படி வேலை செய்கிறவர்களுக்கு வாங்கிக் கொடுக்கிற பொறுப்பில் இருப்பவர் நீங்கள் என்றால் முதலில் சரியான அளவில் வாங்குங்கள், அப்புறம் பொருளைப் பற்றி யோசிக்கலாம். எல்லோருக்கும் ஒரே அளவை மூட்டையாக வாங்கிக் கொடுத்துவிட்டு "கொடுத்தும் போட மாட்டேன் என்கிறார்கள்" என்று சொல்வது நிறைய இடத்தில் நடக்கிறது.

பி.வி.சி.யின் எடையில் பாதிக்கு மேல் குளோரின், அது உப்பிலிருந்து வருவது, ஆகவே மற்ற பிளாஸ்டிக்கை விட எண்ணெய் குறைவாகத்தான் செலவாகிறது. சூடாக்கினால் உருகும் என்பதால் பழையதை அரைத்து மறுபடி வார்க்கலாம், வல்கனைஸ் செய்த ரப்பரில் இது முடியாது. இவ்வளவும் அதன் பக்கம்.

எதிர்ப்பக்கம் கனமானது. பி.வி.சி. இயல்பிலே விறைப்பானது, தண்ணீர் பைப் அதுதான். அதைக் காலில் மடங்கும் அளவுக்கு மென்மையாக்க நிறைய பிளாஸ்டிசைசர் சேர்க்க வேண்டும், எடையில் மூன்றில் ஒரு பங்கு கூட அதுவே இருக்கும். பல காலமாக இதற்குப் பயன்பட்டவை தாலேட்டுகள். ஹார்மோனைப் பாதிக்கும் என்பதால் அவற்றில் நான்கை 2020 ஜூலையிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் நுகர்பொருட்களில் எடையில் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. அந்தப் பிளாஸ்டிசைசர் பூட்ஸிலேயே தங்குவதும் இல்லை, மெதுவாக வெளியே வரும், அதனால்தான் பழைய கம்பூட்ஸ் விறைத்துப்போய் மடிப்பில் வெடிக்கிறது. குளிர்நாட்டில் இது இன்னும் மோசம், உறைபனிக் குளிரில் பி.வி.சி. மரக்கட்டைபோல் ஆகிவிடும்.

செய்யும் இடத்தையும் பாருங்கள். மூலப்பொருளான வினைல் குளோரைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பது அமெரிக்காவில் லூயிவில் நகர ஆலைத் தொழிலாளர்களின் ஈரலில் அரிதான கட்டிகள் வந்தபோது, 1974-ல், உலகுக்குத் தெரிந்தது. 2023 பிப்ரவரியில் ஒஹையோவின் கிழக்குப் பாலஸ்தீன் ஊரில் ரயில் தடம் புரண்டு, ஐந்து டேங்கர் சரக்கைத் திறந்துவிட்டு எரித்தார்களே, வானமே கறுத்த படம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், அந்தச் சரக்கு இதே வினைல் குளோரைடுதான். கடலூரிலும் மேட்டூரிலும் பி.வி.சி. ஆலைகள் இருப்பதால் நமக்கு இது தூரத்துக் கதையும் இல்லை. கடைசியில் குப்பைமேட்டில் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு, டையாக்சின் என்ற நச்சுகள் வரும். நம்மூரில் குப்பை எரிவது விதிவிலக்கு அல்ல, வழக்கம்.

இயற்கை ரப்பர் வேறு கதை. எனக்கு அதன் மேல் பாசம் உண்டு, அதனால் என் வார்த்தையைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

விடியும் முன்னே, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போவார்கள். குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் குறைந்துவிடும். முந்தின வெட்டின் மேல் ஒட்டிக் காய்ந்த இழையை உரித்து இடுப்புக் கூடையில் போட்டுவிட்டு, வளைந்த கத்தியால் பட்டையைச் சரிவாக ஒரு மெல்லிய சீவல் சீவ வேண்டும். மேலோட்டமாகச் சீவினால் பால் வராது, ஆழமாகப் போனால் மரம் புண்ணாகி அந்த இடத்தில் பட்டை முடிச்சு விழும், மறுபடி அங்கே வெட்ட முடியாது. அப்படி ஒரு நாளைக்கு 300, 400 மரம். அப்புறம் திரும்ப நடந்து ஒவ்வொரு சிரட்டையிலும் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, வடிகட்டி, தண்ணீர் கலந்து தட்டில் ஊற்றி ஃபார்மிக் ஆசிட் விட்டு உறைய வைத்து, மெஷினில் கொடுத்து ஷீட்டாக்கி, புகைக்கூட்டில் காய வைப்பார்கள். உரித்துச் சேர்த்த ஒட்டுப்பால் தனியாக விலை போகும், அதன் நாற்றம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். மரம் நட்டு ஆறேழு வருஷம் கழித்துத்தான் முதல் வெட்டு, அதற்குப் பிறகு 25 வருஷமாவது பால் தரும், கடைசியில் மரத்தை அறுத்து மேசை நாற்காலி செய்யலாம். மூலப்பொருள் என்ற அளவில் பி.வி.சி.யால் இதனோடு நிற்கவே முடியாது.

ஆனால் அந்த மரம் எந்த நிலத்தில் நிற்கிறது? அமேசான் காட்டு மரத்தின் விதைகளை, ஏறத்தாழ 70,000, 1876-ல் ஹென்றி விக்ஹாம் லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார், அதில் முளைத்த கன்றுகள் இலங்கையின் ஹெனரத்கொட தோட்டத்துக்கும் சிங்கப்பூருக்கும் வந்தன, அங்கிருந்துதான் ஆசியா முழுக்க. இன்று தாய்லாந்தும் இந்தோனேசியாவும் முன்னணியில். தென்கிழக்கு ஆசியாவில் ரப்பருக்காக 1993-க்குப் பிறகு 40 லட்சம் ஹெக்டேருக்கு மேல் காடு போயிருக்கிறது என்று 2023-ல் நேச்சர் இதழில் வந்த செயற்கைக்கோள் ஆய்வு சொன்னது, அதற்கு முன்னால் நினைத்ததை விட இது இரண்டு மூன்று மடங்காவது இருக்கும். இதில் பெரும்பகுதி டயருக்கு, உலக ரப்பரில் 70 சதவீதம் போல அங்கேதான் போகிறது. பூட்ஸ் அதில் ஒரு தூசு. ஆனாலும் அதே சந்தையிலிருந்துதான் வாங்குகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கொண்டுவந்த காடழிப்புத் தடுப்புச் சட்டத்தில் ரப்பரும் உண்டு, 2020-க்குப் பிறகு காடழித்த நிலத்தின் சரக்கை விற்கக் கூடாது என்கிறது. அமல் தேதி தள்ளிக்கொண்டே போகிறது, அது ஒரு பக்கம். பொருட்பட்டியலைப் பார்த்தால் டயர் இருக்கிறது, கையுறை இருக்கிறது, வெளியிலிருந்து செய்து வருகிற பூட்ஸ் அதில் இல்லை! ஆகவே "ஐரோப்பியச் சட்டப்படி" என்று யாராவது பூட்ஸ் விளம்பரத்தில் எழுதினால் ஒரு நிமிஷம் நிதானியுங்கள். காட்டைப் பொறுப்பாகப் பராமரிப்பதற்கான எஃப்.எஸ்.சி. சான்று பெற்ற ரப்பர் என்று தெளிவாகப் போட்டிருந்தால் அது வீகன் முத்திரையை விட எனக்குப் பெரிய விஷயம், ஏனென்றால் அது நிலத்தைப் பார்க்கிறது, தொழிலாளர் உரிமையையும் ஓரளவு பார்க்கிறது.

மனிதர்கள் கதைதான் நமக்கு நெருக்கம். மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்குக் கங்காணிகள் அழைத்துப் போனது யாரை என்று சொல்ல வேண்டியதில்லை. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களில் பலரைக் கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர் பக்கம் அரசு ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தினார்கள், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்னும் அங்கே தமிழ் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் கீரிப்பாறை, மணலோடை, சிற்றாறு அரசுத் தோட்டங்களிலும் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்ததுண்டு. மறுபக்கம், உலக ரப்பரின் பெரும்பங்கு தருவது கம்பெனித் தோட்டமல்ல, சில ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகள். அவர்களுக்கு விலைதான் எல்லாம். 2011-ல் கிலோ 240 ரூபாயைத் தொட்ட ஷீட் 2016 தொடக்கத்தில் 100-க்குக் கீழே இறங்கியது, வெட்டுக்கூலிக்குக் கட்டாது என்று குமரியிலும் கேரளத்திலும் பலர் மரத்தைச் சும்மா விட்டார்கள். ஒரு ஜோடி உயரமான ரப்பர் பூட்ஸ் ஏறக்குறைய 2 கிலோ இருக்கும். அதில் சுண்ணாம்புத் தூளும் செயற்கை ரப்பரும் துணியும் கலந்திருப்பதை மறந்து, முழுக்க முதல்தர ஷீட் என்றே வைத்துக்கொண்டாலும் கிலோ 200 ரூபாய் கணக்கில் 400 ரூபாய். லண்டன் கடையில் அதே பூட்ஸ் 100 பவுனுக்கு மேல். அந்த இடைவெளியில் பால் வெட்டினவருக்கு எவ்வளவு போகிறது என்பதைக் கம்பெனிகள் தானாகச் சொல்வதில்லை, முத்திரை கொடுப்பவர்களும் கேட்பதில்லை.

வீகன் நண்பர்களுக்கு ஒரு கூடுதல் தகவல்: மாசி, பங்குனியில் ரப்பர் துளிர்க்கும்போது இலைக் காம்பில் தேன் சுரக்கும். மார்த்தாண்டம் தேன் என்று பெயர் வாங்கியதில் பெரும்பகுதி ரப்பர் தோட்டத்துப் பெட்டிகளிலிருந்து எடுப்பதுதான். உங்கள் வீகன் பூட்ஸும் எங்கள் தேன் பாட்டிலும் ஒரே மரத்தடியிலிருந்து வந்திருக்கலாம், அதற்கு நான் பொறுப்பில்லை.

இவ்வளவுக்கும் பிறகு ஏன் ரப்பர் என்கிறேன்? உழைப்பும் பழுதுபார்ப்பும்தான் காரணம். நல்ல ரப்பர் பூட்ஸை ஒருவர் பல வருஷம் போடலாம், கிழிந்தால் ஒட்டலாம். பி.வி.சி. மலிவு, ஆனால் வெடித்தால் குப்பை. மலிவான ஜோடிகளாக வாங்கி எறிந்துகொண்டே இருப்பதில் விலையும் மிச்சமாகாது. ஆனால் "ரப்பர் மண்ணில் மக்கிவிடும்" என்று விளம்பரத்தில் சொல்வதை நம்பாதீர்கள். மரத்துப் பால் மக்கும், கந்தகத்தோடு வேகவைத்து, கெடாமல் இருக்க மருந்து போட்ட பூட்ஸ் அப்படி மக்காது. மக்கினால் மழையில் போட முடியுமா?

பெயரை வைத்தும் ஏமாற வேண்டாம். ஸ்காட்லாந்தில் 1856-ல் தொடங்கிய, அரச குடும்பம் போட்டுப் பிரபலமான ஹண்டர் பூட்ஸ் 2008 வாக்கிலேயே சீனத் தயாரிப்புக்குப் போய்விட்டது, கம்பெனியும் 2023-ல் நொடித்து, பெயர் மட்டும் கைமாறியது. ஃபிரான்ஸின் எய்கிள் இன்னும் தன் நாட்டில், இங்க்ராந்த் ஆலையில், கையால் ஒட்டிச் செய்கிறது. எந்தக் கம்பெனியானாலும் இயற்கை ரப்பர் எத்தனை சதவீதம், எந்த நாட்டிலிருந்து, ஸ்டியரிக் அமிலம் எதிலிருந்து என்று ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். "எங்கள் பொருட்கள் மிக உயர்ந்த தரத்தில்..." என்று தொடங்கும் பதில் வந்தால் பதில் தெரியவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

யார் எதை வாங்கலாம்? நாய் வளர்க்கிறவர், தோட்ட வேலை செய்கிறவர், வாரம் ரெண்டு மூன்று நாள் சேற்றில் நடக்கிறவர், குளிர்நாட்டில் இருப்பவர்: இயற்கை ரப்பர், முடிந்தால் எஃப்.எஸ்.சி., உள்ளே பருத்தி அல்லது பாலியஸ்டர். ரப்பரில் சேர்க்கும் தையுரம் போன்ற பொருட்களால் காலில் அரிப்பு வருகிறவர்கள் இ.வி.ஏ. அல்லது பி.யு. போகலாம். சென்னையில் வருஷத்துக்கு ஒரு வாரம் தெருவில் தண்ணீர் நிற்கும்போது மட்டும் என்றால் வீட்டில் ஏற்கெனவே கிடக்கும் பி.வி.சி.யே போதும், வெயில் ஊரில் முழங்கால் உயர ரப்பரை நாள் முழுக்கப் போட்டால் கால் வெந்துவிடும். குழந்தைகளுக்குப் புதிது வாங்கவே வேண்டாம், ஒரே வருஷத்தில் கால் வளர்ந்துவிடும், பெரியப்பா வீட்டு அண்ணன் போட்டதை வாங்கிப் போடுங்கள்.

ரப்பர் வாங்கியவர்கள் வெயிலில் காய வைக்காதீர்கள், மொட்டைமாடி வெயிலும் ஓசோனும்தான் அதற்கு எமன். மேலே வெள்ளையாகப் பூத்தால் பூஞ்சை என்று பயப்பட வேண்டாம், உள்ளிருக்கும் மெழுகும் கந்தகமும் வெளியே வருவது, ஈரத்துணியால் துடைத்தால் போகும். பளபளப்புக்கு என்று தேங்காய் எண்ணெய் தடவினால் ரப்பர் ஊதிப்போகும். ஓட்டை விழுந்தால் சைக்கிள் பஞ்சர் கடைக்கு எடுத்துப் போங்கள். உப்புத்தாளில் தேய்த்து, சொல்யூஷன் தடவி, கொஞ்சம் காய விட்டு, ஒட்டுத்துண்டை அழுத்திவிட்டால் வேலை முடிந்தது. கடைக்காரர் முதலில் சிரிப்பார், அப்புறம் ஒட்டித் தருவார்.